ஆர்க்கன்ஸாவின் மலையும் யாறும்

பிற நாடு காணப் புறப்படுவோருள் ஒரு சாரார் பெருநகரங்களை நாடுவர். மற்றொரு சாரார் மலையும் காடும் அருவியும் நாடுவர். இவ்விரண்டாஞ் சாரார்பால் ஒரு மயக்கம் காணப்படுகின்றது. நகரம் மக்களால் ஆக்கப்பட்டதாதலின் அதற்கு வரலாறு உண்டென்றும், காடும் யாறும் இயற்கையின் ஆக்கமாதலின் அவை என்றும் இருந்தபடியே இருந்துவருகின்றன என்றும் அவர் எண்ணுவர். கண்ணுக்கினிய ஒரு பள்ளத்தாக்கைக் கண்டால், ‘இஃது எத்துணை அழகியது!’ என வியப்பரேயன்றி, ‘இஃது எவ்வாறு எஞ்சிற்று? இதனை எஞ்சச் செய்தோர் யாவர்? அதன்பொருட்டு இழந்தோர் யாவர்?’ என வினவார். இவ்வினாக்களை எழுப்புதற்கு மிகவும் ஏற்றதோரிடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஆர்க்கன்ஸா மாகாணம். அதனைக் காணச் செல்வோர்க்குப் பயன்படுமாறு சில செய்திகளை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நம் கல்லூரியிற் பயின்றோருள் மேற்படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அமெரிக்கா செல்வோர் இந்நாளில் உளர். நியூயார்க் நகரின் மாளிகைகளையும், நயாகராப் பேரருவியையும், கலிபோர்னியாவின் கடற்கரையையும் கண்டு திரும்புதல் அன்னோர் வழக்கம். ஆர்க்கன்ஸாவின் பெயர் அவர் செவியில் விழுவது அரிது. விழினும் அப்பெயரை ஒலிக்கத் தெரியாமல் இடர்ப்படுவர். ஆங்கில எழுத்தில் ஈற்றில் நிற்கும் சகர ஒலி ஒலிக்கப்படாது. ‘ஆர்க்கன்ஸா’ என்றே கூறல்வேண்டும். குவாபா என்னும் பழங்குடியினர்க்கு வழங்கிய பெயர் பிரெஞ்சுக்காரர் வாயிலாகத் திரிந்து வந்தமையால் இவ்வேறுபாடு உண்டாயிற்று. எங்ஙனம் ஒலிப்பது என்பது பற்றி அம்மாகாணத்தாரே மாறுபட்டமையால், 1881-ஆம் ஆண்டில் அவர்தம் சட்டசபை கூடி இதனைத் தீர்மானித்தது.

நிலத்தின் அமைப்பு

ஆர்க்கன்ஸா 1836-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் 25-ஆம் மாகாணமாகச் சேர்ந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 53,000 சதுர மைல். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி குடிமக்கள் ஏறத்தாழ 30 லட்சம். கிழக்கெல்லையில் மிஸ்ஸிஸிப்பிப் பேராறு ஓடுகின்றது. அதனை அடுத்த நிலம் வண்டல் படிந்த சமவெளி; நம் நாட்டு மருதநிலம் போன்று நெல் விளைவது. அமெரிக்காவில் விளையும் நெல்லில் பெரும் பங்கு இவ்வொரு மாகாணத்திலேயே விளைகின்றது என்பது நம்மவர்க்கு வியப்பைத் தரும்.

வடமேற்கும் மேற்கும் குறிஞ்சிநிலம். மாகாணத்தின் நடுவே மேற்கிலிருந்து தென்கிழக்காக ஆர்க்கன்ஸா ஆறு ஓடி, அக்குறிஞ்சியை இருகூறாக்குகின்றது. ஆற்றின் வடபால் ஓஸார்க் மலைகள். தென்பால் வாஷிடா மலைகள். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒரே தன்மையனவாகத் தோன்றினும் பிறப்பு வேறு. தரையில் விரித்த பாயை ஒருபுறமிருந்து தள்ளினால் அது மடிந்து மடிந்து எழும்பும் அன்றோ? ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தெற்கேயிருந்து ஒரு நிலப்பரப்பு வந்து நெருக்கியமையால் அவ்வாறு மடிந்தெழுந்தவை வாஷிடா மலைகள். ஆதலின் அவை கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன. அமெரிக்காவின் பெருமலைத்தொடர் பலவும் தெற்கு வடக்காக நிற்பதை நோக்க இஃது ஓர் அருமை. ஓஸார்க் மலைகளோ மடிந்து எழுந்தவை அல்ல. அகன்ற மேட்டுநிலம் ஒன்று சிறிது சிறிதாக உயர, மழைநீரும் யாறுகளும் அதனைப் பன்னெடுங்காலம் அறுத்தமையால், அறுபடாது எஞ்சிய பகுதிகளே மலைகளாக நிற்கின்றன. எனவே ஓஸார்க் நாட்டில் மலையின் அழகு என்பது யாற்றின் கைவேலையே.

உயரத்தால் இம்மலைகள் பெருமையுடையன அல்ல. மாகாணத்திலேயே உயர்ந்த மாகஸின் மலை 2,753 அடியே. பனிமுடியும் இல்லை. அடர்ந்த காடு, செங்குத்தான பாறைச்சுவர், குகை, ஊற்று, தெளிந்த நீரோடை ஆகியவையே இங்குள்ள செல்வம். இச்செல்வத்தைக் கருதியே 1995-ஆம் ஆண்டில் ‘இயற்கை மாகாணம்’ என்பது சட்டப்படி இதன் சிறப்புப்பெயராயிற்று. மோட்டார் வண்டிகளின் எண்பலகையிலும் அப்பெயரே பொறிக்கப்படுகின்றது.

தலைநகரும் வெந்நீர் ஊற்றுக்களும்

காணச் செல்வோர் தலைநகராகிய லிட்டில் ராக்கில் தொடங்குதல் தகும். ‘சிறு பாறை’ என்பது அப்பெயரின் பொருள். ஆற்றங்கரையில் நின்ற ஒரு பாறையைப் பிரெஞ்சுக்காரர் குறித்த பெயர் அது. அந்நகரில் மாணவர் தவறாது காணவேண்டுவது சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. வெள்ளையர் மட்டுமே பயின்ற அப்பள்ளியில் 1957-ஆம் ஆண்டில் ஒன்பது கறுப்பு மாணவர் சேரச் சென்றபோது, கவர்னர் ஆர்வல் பாபஸ் மாகாணப் படையை நிறுத்தி அவரைத் தடுத்தார். ஜனாதிபதி ஐஸன்ஹோவர் தேசியப் படையை அனுப்பி அவரை உள்ளே செல்வித்தார். இயற்கைக் காட்சிக்கும் இதற்கும் இயைபு என்னை எனின், அக்கவர்னரைப் பின்னர் ஓர் ஆற்றங்கரையில் மீண்டும் காண்போம்.

லிட்டில் ராக்கிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 55 மைல் தொலைவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊர் உளது. ஒரு குன்றின் சரிவில் 47 வெந்நீர் ஊற்றுக்கள் சுரக்கின்றன. நீரின் வெம்மை ஏறத்தாழ பாரன்ஹீட் 143 பாகை. வெந்நீர் ஊற்று என்றவுடன் எரிமலையை நினைத்தல் இயல்பு. ஈண்டு அது பொருந்தாது. மலைமேற் பெய்த மழைநீர் பாறை வெடிப்புக்களின் வழியே மிக மெதுவாகப் பல்லாயிரம் அடி ஆழத்திற்கு இறங்குகின்றது. பூமியின் உட்புறம் ஆழஞ்செல்லச் செல்ல வெம்மை மிகும். அவ்வெம்மையை ஏற்ற நீர், பாறையின் பெரும்பிளவு ஒன்றை அடைந்ததும் விரைந்து மேலேறி, ஆறுதற்குக் காலம் இன்றி வெளிப்படுகின்றது. இன்று நாம் கையில் ஏந்தும் நீர் 4,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெய்த மழை என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு.

1832-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் மகாசபை இவ்வூற்றுக்களைச் சூழ்ந்த நிலத்தைத் தனியார் கைப்படாமல் ஒதுக்கிவைத்தது. உலகோர் முதல் தேசியப் பூங்கா எனப் போற்றும் யெல்லோஸ்டோனுக்கு இது 40 ஆண்டு முற்பட்டது. 1921-ஆம் ஆண்டில் இதுவும் தேசியப் பூங்கா ஆயிற்று. ஊற்றுக்களின் முன் வரிசையாக எட்டுக் குளிப்பு மாளிகைகள் நிற்கின்றன. அவற்றுள் பக்ஸ்டாப் மாளிகை 1912 முதல் இன்றுவரை குளிப்போரை ஏற்றுவருகின்றது. போர்டைஸ் மாளிகை காட்சிச்சாலையாக உளது. தெருவிலுள்ள குழாய்களில் ஊற்றுநீரை எவரும் விலையின்றி முகந்து செல்லலாம்.

ஆயினும் இங்கும் ஒரு செய்தியை மறைத்தல் கூடாது. அம்மாளிகைகளில் நீராடுவோர்க்கு உடம்பு தேய்த்துவிட்ட பணியாளர் கறுப்பு மக்கள். அவர் அங்கே நீராட அநுமதி இல்லை. தமக்கெனப் பிறிதோர் தெருவில் தனி மனைகள் அமைத்து நீராடினர். 1960-களில் குடியுரிமைச் சட்டம் வந்த காலத்தேதான் இவ்வேற்றுமை சட்டத்தளவில் நீங்கியது. ஊற்று அனைவர்க்கும் பொதுவாகச் சுரந்தது; பொது என்னும் சொல்லின் எல்லையை மனிதரே வகுத்தனர்.

மீண்டெழுந்த காடு

ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து வடக்கே 7-ஆம் எண் நெடுஞ்சாலை செல்கின்றது. வாஷிடா மலைகளை ஏறி இறங்கி, ஆர்க்கன்ஸா ஆற்றைக் கடந்து, ஓஸார்க் மலைகளுள் வளைந்து வளைந்து புகும் இச்சாலையே இம்மாகாணத்தைக் காண்பதற்குத் தலையாய வழி. இருபுறமும் பைனும் ஓக்கும் அடர்ந்த காடு. இதனைக் காண்போர் ஆதிகாலக் காடு என்றே கருதுவர். உண்மை வேறு. 1880-கள் முதல் 1920-கள் வரை இருப்புப்பாதை சென்றவிடமெல்லாம் மரக்கம்பெனிகள் சென்று, பெரும்பான்மைக் காட்டை வெட்டி வீழ்த்திவிட்டன. மரம் தீர்ந்ததும் கம்பெனிகள் அகன்றன. மொட்டைக் குன்றுகளும் அரிக்கப்பட்ட மண்ணும் எஞ்சின.

1907-ஆம் ஆண்டில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வாஷிடாப் பகுதியைத் தேசியக் காடாக அறிவித்தார். மறு ஆண்டில் ஓஸார்க் பகுதியும் அவ்வாறாயிற்று. 1933 முதல் 1942 வரை, நாடெங்கும் வேலையின்றி வருந்திய இளைஞரைக் கொண்டு அமைக்கப்பட்ட குடிமைக் காப்புப்படையினர் மரம் நட்டனர், தீயைத் தடுத்தனர், பாதைகளும் பாலங்களும் கல்மனைகளும் கட்டினர். இம்மாகாணத்தின் முதற் பூங்காவாகிய பெடிட் ஜீன் மலைப் பூங்காவில் அவர் கல்லாலும் மரத்தாலும் கட்டிய விடுதி இன்றும் வழிச்செல்வோர்க்கு இடமளிக்கின்றது. ஆகவே நாம் காணும் காடு, இழந்த பின்னர் மீண்டும் வளர்க்கப்பட்ட காடு. இருபது வயது இளைஞர் நட்ட கன்றுகளின் நிழலில் அவர்தம் பேரரும் கொள்ளுப்பேரரும் உலாவுகின்றனர்.

பஃபலோ ஆறு

ஓஸார்க் மலைகளின் தென்கூறாகிய பாஸ்டன் மலைகளிலே பஃபலோ ஆறு பிறந்து, கிழக்கு நோக்கி ஏறத்தாழ 150 மைல் ஓடி ஒயிட் ஆற்றிற் கலக்கின்றது. முன்னாளில் இப்பகுதியில் மேய்ந்த காட்டெருதுகளால் இப்பெயர் வந்தது. சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காக அமைந்த நிலத்தை ஆறு அறுத்துச் சென்றமையால், பல இடங்களில் கரை நூற்றுக்கணக்கான அடி உயர்ந்த நெடுஞ்சுவராக நிற்கின்றது. அச்சுவர்களில் கருமையும் மஞ்சளும் செம்மையும் கோடு கோடாக வழிந்திருக்கும். கிளைப்பள்ளம் ஒன்றில் ஹெம்டு-இன்-ஹாலோ என்னும் அருவி 209 அடி வீழ்கின்றது. மேற்கே ராக்கி மலைக்கும் கிழக்கே அப்பலேச்சிய மலைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் இதனினும் உயர்ந்த அருவி இல்லை என்பர்.

இவ்வாற்றைக் காண்பதற்கு உரிய வழி ஓடம். பான்கா என்னும் சிற்றூரில் ஓடமும் துடுப்பும் வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து கைல்ஸ் துறை வரையில் செல்லுதல் ஒரு பகற்பொழுதின் பயணம். ஆறு அணையின்றி ஓடுவதாதலின், நீரின் அளவு மழையைப் பொறுத்தது. மேற்பகுதியில் ஓடஞ் செலுத்த மார்ச்சு முதல் ஜூன் தொடக்கம் வரையே தக்க காலம். கோடையில் கல்லில் ஓடம் தட்டும். அப்பொழுது கீழ்ப்பகுதிக்குச் செல்லல் வேண்டும்.

‘அணையின்றி’ என்றோம். அச்சொல்லிலேதான் இவ்வாற்றின் வரலாறு முழுதும் அடங்கியிருக்கின்றது.

அணையோ, ஆறோ?

ஓஸார்க் நாட்டு ஆறுகள் திடீரெனப் பெருகி ஊரழிக்கும் இயல்பின. வெள்ளத்தைத் தடுத்தற்கும் மின்சாரம் எடுத்தற்கும் அமெரிக்க இராணுவ எஞ்சினீயர் படை அந்நாட்டில் அணைகளை எழுப்பிவந்தது. ஒயிட் ஆற்றின் குறுக்கே கட்டிய புல் ஷோல்ஸ் பேரணையை 1952-ஆம் ஆண்டில் ஜனாதிபதி ட்ரூமன் வந்து நாட்டிற்கு உரிமையாக்கினார். பஃபலோ ஆற்றிலும் கில்பர்ட், லோன் ராக் என்னும் இடங்களில் அணை கட்டத் திட்டம் இருந்தது.

அணை வேண்டும் என்றோர் பொருளாசை மிக்கவர் என்று எளிதில் தள்ளிவிடலாகாது. ஆற்றங்கரை மாவட்டங்கள் மிக வறியன. இளைஞர் வேலை தேடி ஊரைவிட்டு அகன்றுகொண்டிருந்தனர். புல் ஷோல்ஸ் ஏரியால் அண்டை ஊர்களில் விடுதியும் வாணிகமும் பெருகுதலை அவர் கண்ணாரக் கண்டனர். ‘எமக்கும் அவ்வாழ்வு வேண்டும்’ என்று மார்ஷல் என்னும் ஊரினராகிய ஜேம்ஸ் டியூடர் தலைமையில் பஃபலோ நதி அபிவிருத்திச் சங்கத்தார் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு.

மறுபுறத்தே 1962-ஆம் ஆண்டில் ஓஸார்க் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் நீல் காம்ப்டன் பெண்டன்வில் ஊரின் வைத்தியர். அணை எழுந்தால் பாறைச்சுவரும் குகையும் வயலும் நீரில் மூழ்கும். ஏரிகள் அண்டையில் பல உள, தடையின்றி ஓடும் ஆறு அரிது என்பது இவர் வாதம். அவ்வாண்டிலே தலைமை நீதிமன்றத்து நீதிபதி வில்லியம் டக்ளஸ் இவ்வாற்றில் ஓடஞ் செலுத்தி வந்து, காக்கவேண்டும் என்று குரல் கொடுத்தார். தேசியப் பூங்காத் துறையினர் ஆய்ந்து, இதனைத் ‘தேசிய ஆறு’ என்னும் புதிய வகையாக ஏற்கலாம் என்றனர்.

இவ்விரு சாரார்க்கும் இடையே மூன்றாவது சாரார் ஒருவர் இருந்தனர். தலைமுறை தலைமுறையாக அப்பள்ளத்தாக்கில் உழுதுவந்த நிலக்கிழார் அவர். அணை வந்தால் நிலம் நீருள் மூழ்கும். பூங்கா வந்தால் நிலம் அரசாங்கத்தின் கைப்படும். ஆதலின் இரண்டும் வேண்டா என்று அவரும் சங்கம் அமைத்தனர். இருபுறத்தும் உரத்த குரல் எழுந்தமையால் இவர் குரல் அமுங்கியது.

முடிவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் கவர்னர் பாபஸ் எஞ்சினீயர் படைக்கு எழுதி, தாம் அணைக்கு உடன்படவில்லை என அறிவித்தார். மாகாணக் கவர்னர் உடன்படாத திட்டத்தை மேற்செலுத்தல் அரிதாதலின் எஞ்சினீயர் பின்வாங்கினர். பள்ளிவாயிலில் ஒன்பது பிள்ளைகளைத் தடுத்த அதே கை இவ்வாற்றை விடுவித்தது. அவரும் ஓஸார்க் மலையிற் பிறந்து வளர்ந்தவரே. ஒருவர் ஒரு நன்மை செய்தமையால் அவர் செய்த தீமை மறையாது; தீமை செய்தமையால் நன்மையும் பொய்யாகாது. வரலாறு கற்கும் மாணவர் இவ்விரண்டினையும் ஒருங்கே மனத்தில் வைத்தல் வேண்டும்.

அதன்பின்னும் ஆறு ஆண்டு வாதம் நடந்தது. 1972-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட, பஃபலோ ஆறு அமெரிக்காவின் முதல் தேசிய ஆறு ஆயிற்று. 1872-ஆம் ஆண்டில் யெல்லோஸ்டோன் சட்டம் கையெழுத்தானதும் மார்ச்சு 1-ஆம் நாளே. சரியாக நூறாண்டு நிறைந்த நாள். ஆற்றின் 135 மைல் நீளமும், கரையில் ஏறத்தாழ 95,000 ஏக்கர் நிலமும் இவ்வாறு பொதுவுடைமையாயின.

கொடுத்த விலை

அந்நிலத்திற் பெரும்பகுதி அதுகாறும் குடிகளுடையது. அரசாங்கம் விலை கொடுத்தே வாங்கிற்று. விற்க மனமில்லாதார் நிலம் சட்டத்தின் வலியாற் கொள்ளப்பட்டது. ஹெம்டு-இன்-ஹாலோ அருவிக்கு அணித்தே ஈவா ஹெண்டர்ஸன் என்னும் மூதாட்டியார் ஒரு மரவீட்டில் வாழ்ந்தார். மின்சாரம் இல்லை, வண்டிப்பாதை இல்லை. ஆடும் கோழியும் பன்றியும் வளர்த்துத் தனியே வாழ்ந்த அவரை ஊரார் ஹெண்டர்ஸன் பாட்டி என்பர். 1970-களின் பிற்பகுதியில் அவர் அவ்விடம் விட்டுச் செல்லவேண்டியதாயிற்று. சென்ற சில காலத்திலே உயிர் நீத்தார். அவருடைய மரவீடு இன்றும் காட்டினிடையே வெறுமையாக நிற்கின்றது. அருவி காண நடந்து செல்வோர் அதனருகே சிறிது நின்று செல்கின்றனர்.

அரசாங்கத்தார் இதனினின்று சிறிது கற்றனர் என்றல் பொருந்தும். ஆற்றின் மேற்பகுதியிலுள்ள பாக்ஸ்லி பள்ளத்தாக்கில், குடிகள் தங்கி உழவு செய்துகொண்டே இருக்கவும், புதிய கட்டிடங்களால் அவ்விடத்தின் தோற்றம் கெடாதிருக்கவும் 1980-களில் ஒழுங்கு செய்தனர். அங்கே இன்றும் களஞ்சியமும் வைக்கோலும் மாடும் காணலாம். 1981 முதல் 1985 வரை கொலராடோ, நெப்ராஸ்கா மாகாணங்களிலிருந்து 112 எல்க் மான்கள் கொணர்ந்து விடப்பட்டன. அவை பெருகி, காலையும் மாலையும் அவ்வயல்களில் மேய்கின்றன. காண்போர் சாலையோரம் வண்டிகளை நிறுத்தி வரிசையாக நிற்பர்.

இதற்கும் முற்பட்ட இழப்பு ஒன்று உண்டு. நாம் நிலக்கிழார் என்றோரே அந்நிலத்தின் முதற்குடிகள் அல்லர். ஓஸேஜ், குவாபா, காடோ என்னும் பழங்குடியினர் ஒப்பந்தங்களின் பெயரால் முன்னரே அகற்றப்பட்டனர். 1830-களில் கிழக்கேயிருந்து துரத்தப்பட்ட செரோக்கி முதலிய குடியினர் இம்மாகாணத்தினூடே மேற்கு நோக்கி நடந்து சென்றனர். அவர் சென்ற தடம் ‘கண்ணீர்ப் பாதை’ எனப்படும்.

காத்தபின்னும் காத்தல்

ஒருமுறை காத்தால் என்றும் காத்ததாகுமோ? 2013-ஆம் ஆண்டில், பஃபலோவிற் கலக்கும் ஒரு கிளையாற்றின் அருகே 6,500 பன்றிகளை வளர்க்கும் பெரும்பண்ணை ஒன்று அரசாங்க அநுமதி பெற்றே தொடங்கிற்று. அவற்றின் கழிவு வயல்களில் எருவாகத் தெளிக்கப்பட்டது. ஓஸார்க் நிலத்தின் அடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். மழைநீர் அக்கல்லைக் கரைத்துப் பொந்தும் வழியும் ஆக்கிவிடும்; மேலே விழுந்த நீர் மண்ணில் வடிகட்டப்படாமல் அவ்வழிகளிற் பாய்ந்து எங்கோ ஊற்றாக வெளிப்படும். ஆராய்ச்சியாளர் கிணற்றில் சாயமிட்டுப் பார்த்தபோது, அது தொலைவிலுள்ள ஊற்றுக்களில் வந்து தோன்றியது. குகையையும் ஊற்றையும் தந்த அதே கல்தான் ஆற்றிற்கு அச்சத்தையும் தந்தது. நெடிய வழக்காடலுக்குப் பின், 2019-ஆம் ஆண்டில் மாகாண அரசாங்கம் 62 லட்சம் டாலர் கொடுத்து அப்பண்ணையை மூடச் செய்தது. பண்ணையாரும் அம்மலைநாட்டுக் குடும்பத்தாரே. சட்டத்தை மீறினவர் அல்லர். ஈண்டும் இருபுறத்தும் நியாயம் இருந்தது.

2023-ஆம் ஆண்டில் இவ்வாற்றைத் தேசியப் பூங்காவும் காப்பகமும் ஆக்கலாம் என்னும் யோசனை எழுந்தபோது, ஜாஸ்பர் என்னும் சிற்றூரில் மக்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிலம் இழந்தோரின் மக்களும் பேரரும் அக்கூட்டத்தில் இருந்தனர். இழப்பின் நினைவு எளிதில் அழியாது.

செல்வோர்க்குச் சில குறிப்புக்கள்

ஏப்ரல் மாதத்தில் டாக்வுட் மரங்கள் வெண்மலர் பூத்துக் காடு விளங்கும். அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் இலைகள் செம்மையும் பொன்னிறமும் எய்தும். இவ்விரு பருவங்களுமே சிறந்தன. கோடையில் புழுக்கம் மிகுதி. உண்ணியும் பாம்பும் உண்டு. பஃபலோ ஆற்றிற்கும் ஹாட் ஸ்பிரிங்ஸ் பூங்காவிற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. மர்ப்ரீஸ்போரோ என்னும் ஊரில் வைரம் கிடைக்கும் வயல் ஒன்றும் உளது. 1906-ஆம் ஆண்டில் ஓர் உழவர் கண்ட அவ்விடம் 1972 முதல் மாகாணப் பூங்கா. கட்டணம் செலுத்திப் புகுவோர் தாம் கண்டெடுத்த கல்லைத் தாமே கொண்டு செல்லலாம். 1924-ஆம் ஆண்டில் அங்கே 40 காரட்டிற்கு மேற்பட்ட வைரம் ஒன்று கிடைத்தது.

ஆற்றங்கரையில் இரவு தங்குவோர் மழைச்செய்தியைக் கேட்டறிந்தே தங்கல் வேண்டும். 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வாஷிடா மலையில் லிட்டில் மிஸௌரி ஆறு ஓர் இரவிற் பெருகி, கூடாரங்களில் உறங்கியிருந்த 20 பேரை மாய்த்தது. அணை வேண்டினோர் அஞ்சியது வீண் அச்சம் அன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

முடிவுரை

பஃபலோ ஆற்றிற்கு இன்று ஆண்டுதோறும் 10 லட்சத்திற்கு மேற்பட்டோர் வருகின்றனர். அவருட் பலர் தெளிந்த நீரையும் உயர்ந்த பாறையையும் கண்டு மகிழ்ந்து செல்வர். அம்மகிழ்ச்சி குற்றமன்று. ஆயினும் கல்வி பெற்றோர் கண்டு மகிழ்வதோடு அமைதல் போதாது. வெட்டிய காட்டை மீண்டும் நட்டோர், அணையைத் தடுத்தோர், அணையை வேண்டியும் பெறாதார், வீட்டை விட்டு வெளியேறினோர், தாம் தூய்மை செய்த மாளிகையில் நீராடப் பெறாதோர் ஆகிய அனைவரும் அக்காட்சியின் பின்னே நிற்கின்றனர்.

ஓர் இடத்தைப் பொதுவாக்கும்போது, நன்மை எல்லார்க்கும் பரந்து செல்லும். இழப்போ ஒரு சிலர் தலைமேல் குவிந்து விழும். ஆகவே காத்தல் கூடாது என்பது எம் கருத்தன்று. காவாதிருந்தால் இன்று காண்பதற்கு ஆறே இராது. காக்கும்போது அச்சிலரை முதலிற் கேட்டல் வேண்டும், அவர்க்கு இடமளிக்கும் வழியை நாடல் வேண்டும் என்பதே யாம் வற்புறுத்துவது. பாக்ஸ்லி பள்ளத்தாக்கில் உழவும் மானும் ஒருங்கே இருத்தலால் அவ்வழி கூடாததன்று என்பதும் விளங்கும்.

நம்மவருள் எவரேனும் அம்மாகாணம் செல்ல நேரின், பான்காத் துறையில் ஓடம் ஏறுவதற்கு முன் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம், ‘ஐயா, இவ்வாறு எங்ஙனம் தப்பியது?’ என்று கேட்பாராக. அவர் கூறும் விடை அவர் எந்தச் சாராரைச் சேர்ந்தவர் என்பதற்கேற்ப வேறுபடும். அதனை அமைதியாகக் கேட்டபின் ஆற்றில் இறங்குவோர்க்கு, அந்நீரும் பாறையும் முன்னினும் தெளிவாகத் தோன்றும்.